முட்டை சேர்க்கலாமா, வேண்டாமா?

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த ஒரே மகத்தான சம்பவம், மோகனூர் சாலைக் கோழிப்பண்ணையாளர் சங்கத்துக்கு ஒரு வலைத்தளம் அமைந்ததுதான். நடுவே சக்கரம் போன்ற சில்லறைக் கண்டுபிடிப்புகள் உண்டு. சங்கம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

தளத்தைக் கட்டியவர் தலைவர் தனசேகரின் மாப்பிள்ளை நந்தகுமார். ‘ஒவ்வொரு எழுத்தும் என் சொந்தக் கையால்’ என்று திறப்பு விழாவில் அறிவித்துப் பொன்னாடையும் வாங்கிக்கொண்டார்.

ஒரு சின்னக் குறை. முட்டை ஆர்டர் செய்யும் பக்கத்தின் அடியில் தளம் பணிவாகக் கேட்டது: ‘முட்டை சேர்க்கலாமா, வேண்டாமா?’ சேந்தமங்கலத்து மெஸ்காரர் ஒருவர் புரட்டாசி நினைவில் ‘வேண்டாம்’ என்று அமுக்கிவிட்டார். கடமை தவறாத சங்கத்து வேன் காலி ட்ரேக்களை இறக்கிவிட்டு வந்தது.

அவசரக் கூட்டம் கூடியது.

“சேலத்துக் கம்ப்யூட்டர்காரன் ஒருத்தன் தளத்தைச் சரி பண்ணித் தாரேங்கறான். எதுல கட்டுனதுன்னு கேக்கறான்” என்றார் தனசேகர். “எதுல கட்டுனீங்க மாப்பிள்ள?”

“கையிலதானுங்க மாமா.”

அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டு, மாலை வகுப்பில் கணினி படிக்கும் தற்காலிக ஊழியர் மலர்விழி அழைக்கப்பட்டாள்.

“கண்டுபுடிச்சுச் சொல்லு அம்மிணி. உன்ற வேலைய நிரந்தரம் பண்ணிப்போடறேன்” என்றார் தனசேகர்.

மலர்விழி பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்து மூலக் குறியீட்டைத் திறந்தாள். வரிக்கு வரி ‘டபிள்யூபி’ என்று இருந்தது. தன் கண்மேல் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முகவரியின் கடைசியில் வகுப்பில் சொல்லித்தந்த சொல்லைச் சேர்த்துத் தட்டினாள். நிர்வாகி நுழையும் பக்கம் வந்து நின்றது. அப்போதும் நம்பாமல் வடிவமைப்பின் பெயரைத் தேடிப் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள்.

“தப்பாக்கூட இருக்குமுங்க. ஆனா இது வேர்ட்பிரஸுங்க, ரெடிமேடாக் கெடைக்கற தளமுங்க. ஆரு வேணா சும்மா எடுத்துக்கலாம். மேல மாட்டியிருக்கற சட்டை, அதானுங்க டிசைனு, அது மட்டும் கேக் கடைக்குத் தச்சதுங்க.”

“அதெப்படித் தெரியும்? உடைச்சுப் பாத்தியா?”

“இல்லீங்க. நாம முட்டைய லைட்டுல காட்டிப் பாக்கறமில்லீங்க, அந்த மாதிரித்தான். ஓடு உடையாம உள்ள இருக்கறது தெரியுமுங்க.”

சங்கத்தின் மூத்த பண்ணைக்காரர் மயிலம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “கேக்குக்காரன் சட்டையா? அதுதான் முட்டை வேணுமான்னு கேக்குது. கையால கட்டுனேன்னீங்களே மாப்பிள்ள?”

“மவுஸ கையாலதானுங்க அத்தை புடிச்சேன்.”

அதில் குற்றம் காண யாராலும் முடியவில்லை. தனசேகர் மட்டும் மாப்பிள்ளை பக்கம் நாற்காலியை நகர்த்தினார்.

“ஏம் மாப்பிள்ள, அந்த ரைட் கிளிக்க மூடிப்போடலாமா?”

“மூடிரலாமுங்க மாமா. அதுக்கும் ஒண்ணு சும்மாவே கெடைக்குதுங்க.”

தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. தளம் முழுக்க முழுக்கக் கையால் கட்டப்பட்டது. பொதுமக்கள் நலன் கருதி ரைட் கிளிக் நிறுத்தப்படுகிறது. முட்டை வாங்குவோர் ‘வேண்டாம்’ என்பதை அமுக்க வேண்டாம். கடைசியாக, மலர்விழிக்கு நாளையிலிருந்து நிரந்தர ஓய்வு.

அந்தச் சபையின் கறாரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். விளக்கில் காட்டும்போது உள்ளே ஒரு புள்ளி தெரிந்தாலும் போதும், சொந்தக் கோழி இட்டதாயிற்றே என்று பாராமல் முட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் விளக்கைத் தூக்கி எறிந்தார்கள்.