ரோஜாப்பூ படம் வைத்தவளை குரூப்பிலிருந்து நீக்கச் சொல்லி

என் தம்பி மகள் இசக்கிச்செல்விக்கு, குத்துக்கல்வலசையிலிருந்து உன் அத்தை சங்கரேஸ்வரி எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் ஃபேனும் நலம், கரண்ட் மட்டும் இல்லை. உன் காதுகுத்தில் உன் அம்மா என்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்து அப்பளம் தீர்ந்துவிட்டது என்று சொன்னதை நான் மறக்கவில்லை என்றாலும், இப்போது அதைப் பேச வரவில்லை.

போன் இருக்கும்போது அத்தைக்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போன் பண்ணினால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் உனக்கு மட்டும் என்று நினைத்து எழுதினால் அது மொத்த குரூப்புக்கும் போய்விடுகிறது. மதுரைக்காரி அனுப்பிய வடகம் செருப்பு வார் மாதிரி இருக்கிறது என்று உனக்குத்தான் எழுதினேன், அவளே வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். இந்த விஷயம் அப்படிப் போகக்கூடாது. தபால்காரர் ஒருவர்தான் ஒருவரிடம் மட்டும் கொடுக்கிறார்.

நீ நடத்துகிற 'வெயிலும் வத்தலும்' குரூப்பில் பெலிக்ஸ் அம்மா என்று ஒருத்தி இருக்கிறாளே, ரோஜாப்பூ படம் வைத்தவள், மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் பையனின் தாயார், தூத்துக்குடியில் இருப்பவள், அவளை நீக்கு. உடனே நீக்கு. அவளைப் போல ஒரு சிநேகிதி எனக்கு இந்த வயதில் கிடைத்ததில்லை, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. காலையில் எழுந்தால் முதல் விசாரிப்பு அவளுடையதுதான். மொட்டைமாடியில் காய்கிற கூழ்வத்தலைக் காக்கை கொத்துகிறது என்று எழுதினால், "கருப்புக் குடைய விரிச்சுப் பக்கத்துல வைங்கக்கா, ஒண்ணு அண்டாது" என்றாள். வைத்தேன், அண்டவில்லை. அவளுக்கு உப்புக்காற்றில் வேர்க்குரு என்றால் நான் நுங்குத் தண்ணீரைத் தடவச் சொன்னேன், கேட்டது. நான் அவளை அக்கா என்கிறேன், அவள் என்னை அக்கா என்கிறாள், இரண்டு பேருக்கும் வயதைக் கேட்க மனமில்லை. என் பெயர் அதில் 'வலசை ஆச்சி' என்றுதானே இருக்கிறது. சாரல் தொடங்கியதும் வாருங்கள், நம் வீட்டிலேயே தங்கலாம், இசக்கிமணி ஆட்டோவில் எல்லா அருவிக்கும் போகலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். அங்கேதான் வந்தது வினை.

"வாரேன்க்கா, ஆனா ஐந்தருவிக்கு மட்டும் வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தி வடகரையில இருக்கையில பக்கத்துவீட்டுக்காரியோட அங்கன குளிக்கப் போனேன். கரையில வச்சிருந்த என் மஞ்சப்பையத் தூக்கிட்டுப் போயிட்டா. கத்திரிப்பூ கலர் சேலை, மடி கலையாத புதுச்சேலை. களவாணி" என்று எழுதியிருந்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏட்டி, அந்தப் பக்கத்துவீட்டுக்காரி நான். அவள் தங்கபுஷ்பம்! நடந்தது என்ன தெரியுமா? இரண்டு பேரிடமும் ஒரே ஜவுளிக்கடை மஞ்சப்பை. குளித்துவிட்டு முதலில் ஏறியவள் அவள். என் பையை எடுத்துக்கொண்டு, என் அய்யா நெல் விற்ற காசில் வாங்கிக் கொடுத்த கிளிப்பச்சைச் சேலையோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள். மிச்சமிருந்தது அவள் பை. அடுத்தவள் சேலையை நான் உடுத்துவேனா? அவள் பையைத் தூக்கிக்கொண்டு சொட்டச் சொட்ட நனைந்தபடி பஸ்ஸில் வந்தேன், கண்டக்டர் உட்காரவே விடவில்லை. சேலையைத் திருப்பிக் கொடுக்க அவள் வருவாள் என்று நான் இருந்தேன். நான் வருவேன் என்று அவள் இருந்திருப்பாள் போல. அதற்குள் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இப்போது நான் களவாணியாம்!

அன்றிலிருந்து அவளை வரவிடாமல் தடுப்பதே என் வேலையாகிவிட்டது. நேரம் பார்த்து மலையில் கோடைமழை கொட்டுகிறது. "தண்ணி விழுதாக்கா?" என்று காலையில் கேட்கிறாள். "பாறை காஞ்சு கெடக்கு" என்கிறேன். "டிவில கூட்டமாக் குளிக்கிறதக் காட்டுதானே" என்கிறாள். "அது போன வருசப் படம்" என்கிறேன். வாசலில் இசக்கிமணி வந்து நின்று, "ஆச்சி, மெயின் அருவியில தண்ணி கொட்டுது, வாரியளா?" என்று கத்துகிறான். "ஏலே, மெல்லப் பேசுலே" என்றேன். "தூத்துக்குடிக்கா கேக்கப் போவுது?" என்று சிரிக்கிறான். ஆசையாசையாய்ச் சாரலுக்குக் காத்திருந்தவள், இப்போது மேகத்தைப் பார்த்தால் ஜன்னலைச் சாத்துகிறேன். வத்தல் போட்டால் சொல்ல ஆளில்லை. குடையை விரிக்கப் போனால் அவள் ஞாபகம் வருகிறது, அதனால் மடக்கிவிட்டேன், காக்கை கொத்திவிட்டது.

ஆகையால் குரூப்பில் ஒன்று அவள் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். நீ என் தம்பி மகள், அவள் யாரோ. யோசிக்க என்ன இருக்கிறது? இனி அவள் முகத்தில் நான் விழிக்கப்போவதில்லை, இது பண்பொழி மலையில் இருக்கிற குமாரசாமி மேல் ஆணை. அந்த முருகன் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையில்லாமல் வைக்கட்டும், சின்னவனுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், உன் அம்மாவையும் கேட்டதாகச் சொல், அப்பளத்தை நான் மறக்கவில்லை என்றும் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை
சங்கரேஸ்வரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "ஏட்டி சங்கரி, சேலைக் கதையச் சொன்னதுலேருந்து நீ வேர்க்குரு எப்படியிருக்குன்னுகூடக் கேக்கல. அன்னைக்கே தெரிஞ்சுட்டு நீதான்னு. மனசு கேக்கல, அதான் தெனம் தண்ணிய விசாரிச்சிட்டு இருக்கேன். பொய் சொல்லாத, தண்ணி விழுதா, விழலியா?" என்று எழுதியிருக்கிறாள். "கொட்டுது, வா" என்று எழுதிவிட்டேன். விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. அவளை நீக்கிவிடாதே, நீக்கினால் நானும் வெளியே போய்விடுவேன். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை வருகிறாள், நேரே ஐந்தருவிக்குத்தான் போகிறோம். பையை முதலில் எடுத்தது யார் என்று அங்கேயே வைத்துப் பேசித் தீர்க்க வேண்டும், நடுவில் ஒரு ஆள் தேவை. நீயும் புறப்பட்டு வா. தப்பு அவள் மேல்தான் என்பதை வரும்போதே மனதில் வைத்துக்கொண்டு வா.