கட்டுச்சோறும் அரை மாத்திரையும்

பரவை,
வெள்ளிக்கிழமை, ஆவணி மாதம், 1983

அன்பு மகள் அன்னக்கொடிக்கு,

நாக்பூரில் மாப்பிள்ளையும் நீயும் வயிற்றுப் பிள்ளையும் நல்லபடியாக இருக்க நம்ம கருப்பசாமியைக் கும்பிட்டு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம். கறவை மாடு சுகம். சைக்கிளுக்கு மட்டும் பின் டயர் மாற்ற வேண்டும். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி. நீ பயப்பட ஒன்றுமில்லை, அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழாம் மாதம் கட்டுச்சோறு கொண்டு வந்து உன்னைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக அப்பாதான் வரணும், வேற யார் வந்தாலும் வண்டி ஏற மாட்டேன் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கல்யாணம் முடிந்து உன்னை மதுரை ஜங்ஷனில் வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பினேனே, அன்றைக்குப் பஸ்ஸில் நெஞ்சு படபடவென்று அடித்து, கை விறைத்து, மூச்சு முட்டி, ஆரப்பாளையத்திலேயே இறங்கிவிட்டேன். அதிலிருந்து பஸ்ஸோ ரயிலோ, படியில் கால் வைத்தால் அதே கதை. மில்லுக்கும் சைக்கிள், கல்யாணத்துக்கும் சைக்கிள், கருமாதிக்கும் சைக்கிள். மேலூரில் ஒரு விசேஷத்துக்கு மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேயாண்டி என்று பெயர் வைத்துக்கொண்டு நிற்கிற பஸ்ஸைப் பார்த்து நடுங்குகிறேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, இதயத்தில் கோளாறில்லை, மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போங்க என்றார்கள். டவுனில் இருக்கிற அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். எல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்கு மாத்திரை இருக்கு. இல்லேன்னா வாரம் ஒரு தடவை வந்து மனசுல உள்ளதைப் பேசணும். ரெண்டையும் சேர்த்தும் செய்யலாம். யோசிச்சு நீங்களே சொல்லுங்க" என்றார். எட்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் டாக்டரே யோசனை கேட்டால் நான் யாரிடம் கேட்பது? டீக்கடையில் கேட்டேன். பாதிப் பேர் மாத்திரை பக்கம், பாதிப் பேர் பேச்சு பக்கம். மில்லில் என்னோடு வேலை பார்க்கும் காளை மட்டும், "பேசுறதுக்கு எதுக்குண்ணே அம்புட்டு தூரம் போகணும், எங்கிட்டயே பேசுங்க" என்றான். சரியென்று ஆரம்பித்தேன். அவன் சம்சாரத்தைப் பற்றி அவன் பேசி முடிப்பதற்குள் மில் சங்கு ஊதிவிட்டது.

முதலில் மாத்திரையைப் பார்ப்போம் என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு, வழியில் பரவையில் இறங்கிக்கொள்ளலாம் என்று சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ் ஏறினேன். நல்ல மாத்திரை தாயி. பயம் வரவில்லை. பரவையும் வரவில்லை. கண்டக்டர் தட்டி எழுப்பும்போது திண்டுக்கல். அங்கே மறுபடி பஸ்ஸைப் பார்த்ததும் பயம் திரும்பி வந்துவிட்டது. வெங்காய லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணி வழிய ஊர் வந்து சேர்ந்தேன். மகளை நினைச்சு அழுவுறார் என்று உன் அம்மா அன்றைக்கு ஒன்றும் திட்டவில்லை. தூக்கம் வந்தால் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். நான்தான் கேட்கவில்லை.

அடுத்தது பேச்சு. நம்ம வழக்கம் உனக்குத் தெரியும், டாக்டர்கிட்ட ஒத்தையாப் போனா வீட்டுல ஆள் இல்லையான்னு கேப்பாங்க. அதனால் உன் தாய்மாமன் சிவனாண்டி என் சைக்கிள் கேரியரில் ஏறி வந்தான்.

டாக்டர் என்னிடம், "எதை நினைச்சாப் பயம் வருது?" என்றார்.

"அவருக்குப் பயமா? பத்து ஆளு சத்தம் போட்டாலும் அசராத ஆளு சார் எங்க மாமா" என்றான் சிவனாண்டி.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்."

"இருக்கலாம் சார். எங்கக்கா கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

டாக்டர் பெருமூச்சு விட்டு, "சரி, உங்களுக்கு எதுல பயம்?" என்று அவனைக் கேட்டார். சும்மாதான் கேட்டார். மீசையை முறுக்கிக்கொண்டிருந்தவன் கிணற்றில் விழுந்த கதையில் ஆரம்பித்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டான். நேரம் முடிந்துபோனது. அடுத்த வாரம் வரச் சொல்லி அவனுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் வழக்கத்தை மீறி நான் ஒத்தையாகப் போனேன். "பயமே இல்லாம எப்ப இருந்தீங்க?" என்றார். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்த காலம். சைக்கிள் முன்கம்பியில் துண்டைச் சுற்றி உன்னை உட்கார வைப்பேன். பெல் உன்னுடையது. ஆள் இல்லாத ரோட்டிலும் அடித்துக்கொண்டே வருவாய். உன் ரிப்பன் காற்றில் என் தாடையில் அடிக்கும், தலையில் வைத்த எண்ணெய் என் சட்டையில் ஒட்டும். ரோட்டை ஒட்டியே தண்டவாளம். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி விளாங்குடி புளியமரங்களுக்கிட்ட வரும்போது ரயில் ஒன்று நம்மை முந்திக்கொண்டு போனால், "அப்பா, அது எங்க போகுது?" என்பாய். மெட்ராஸுக்கு என்பேன். "மெட்ராஸுக்கு அங்கிட்டு?" என்பாய். "அங்கிட்டு ஒண்ணுமில்ல தாயி, அம்புட்டுத்தான்" என்பேன். எனக்கு மெட்ராஸே தெரியாது. ஆனாலும் நீ நம்பினாய். எதிர்காத்துல மிதிக்க முடியாம நான் மூச்சு வாங்குனா, "நான் வேணா இறங்கிக்கிறவா?"ன்னு கேப்ப. அந்தக் கேள்விக்கே இன்னும் பத்து மைல் மிதிக்கலாம் போல இருக்கும். அந்த முன்கம்பியில் இப்போது மாட்டுக்குப் புல்லுக்கட்டு தொங்குகிறது.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இதை மகள்கிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்றார். இல்லையென்றேன். எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். பஸ் படியை நினைத்தால் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே நான் எடுத்திருக்கும் முடிவு என்னவென்றால், பேச்சும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், சைக்கிள் போகிற தூரம் எனக்குப் போதும். உன்னை அழைக்கச் சிவனாண்டி வருவான். அப்பா வரவில்லையென்று கோபித்துக்கொண்டு வண்டி ஏறாமல் இருந்துவிடாதே. மாப்பிள்ளை அழகுமலைக்கு என் வணக்கத்தைச் சொல். நீ நூறு வயசு இருந்து, பெத்த பிள்ளைகளைச் சைக்கிளில் வைத்து ஓட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள அப்பா
பேயாண்டி

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. போடப் போனவன் பெட்டியருகே நின்று ஒருமுறை படித்துப் பார்த்தேன். சிவனாண்டி வருவான் என்பது உனக்கு எழுதுகிற கடிதமாக இல்லை, நானே ரயில் ஏறிவிட்டேன். எழுத்து ஆடுவதற்கு மன்னிக்கவும், வண்டி விஜயவாடா தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அரை மாத்திரை உள்ளே, அரை மாத்திரை சட்டைப்பையில். எதிர் சீட்டில் ஒரு தெலுங்குக்காரர், அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நெஞ்சு நடுநடுவே அடிக்கத்தான் செய்கிறது, அடிக்கட்டும். உன் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு மடியில் இருக்கிறது, அவருக்கும் ஒரு கை கொடுத்தேன். நாளைக்கு வந்து என் கையாலேயே இந்தக் கடிதத்தைக் கொடுப்பேன், என் முன்னால் படிக்காதே. மெட்ராஸுக்கு அங்கிட்டு ஒண்ணுமில்லேன்னு சொன்னேன்ல தாயி, இருக்கு. எம்புட்டோ இருக்கு. வந்துக்கிட்டே இருக்கேன்.