பிறந்த ஊர் பொன்னம்பதி

ஏழாறு நாட்டை ஆண்ட மன்னர் இரக்கமுள்ளவர் என்று பெயரெடுத்தவர். எல்லையோர ஊரொன்றின் பேறுகால மனையில், கூரை ஒழுகிய ஈரத்தில் குளிர்சுரம் கண்டு ஒரு தாய் இறந்தாள் என்று கேள்விப்பட்டபோது அவர் உண்மையாகவே அழுதார். இனி எந்த ஊரிலும் ஒரு தாய்கூட இறக்கக் கூடாது என்று ஆணையிட்டார்.

நலவாழ்வு அமைச்சர் அருட்கோமான் அவையில் எழுந்தார்.

"மாமன்னரே, கூரையை மாற்றுவது பழைய சிந்தனை. மனையையே எடுத்துவிட்டால் ஒழுகுவதற்குக் கூரை ஏது? தலைநகரில் பளிங்கினால் ஒரு தாய்மை மாளிகை எழுப்புவோம். நாட்டின் பிள்ளைகள் அனைவரும் அங்கேயே பிறக்கட்டும்."

தலைநகர் பொன்னம்பதியில் மாளிகை எழுந்தது. தேர்ந்த மருத்துவர்கள் வந்தார்கள். படுக்கைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. குறை சொல்ல எதுவுமில்லை, பல ஊர்களுக்கு அது மூன்று ஆறுகளுக்கு அப்பால் இருந்தது என்பதைத் தவிர.

கோரைக்குடி அப்படிப்பட்ட ஓர் ஊர். அங்கே நெல் பயிரிட்டு வாழ்ந்த வீரணனின் மனைவி நீலாயி அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தாள். மூத்தவள் அல்லி பிறந்தது ஊர்ப் பேறுகால மனையில்தான். இப்போது அதன் கதவில் அரக்கு முத்திரை இருந்தது. உள்ளூரில் பிள்ளை பெறுவது குற்றம் என்று தண்டோரா போட்டிருந்தார்கள்.

வலி முன்கூட்டியே வந்தது. வீரணன் அவளைப் படகில் ஏற்றினான். முதல் ஆற்றைக் கடந்தார்கள். இரண்டாவது ஆற்றின் நடுவில் நீலாயி அவன் தோளைப் பிடித்தாள்.

"இனி தாங்காதுங்க. கரையில ஒதுக்கச் சொல்லுங்க."

கரை ஒதுங்குமுன் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண். ஒருமுறை அழுதது. கொடியை முறையாக அறுக்கவோ மூச்சுத் திணறியபோது கவனிக்கவோ படகில் யாரும் இல்லை. மாளிகை வாசலை அடைந்தபோது அது அவள் மடியில் குளிர்ந்து கிடந்தது.

வாயிற்காவல் அதிகாரி குனிந்து பார்த்தார். அவர் குரலில் கடுமை இல்லை.

"அம்மா, இது இங்கே பிறக்கவில்லை. பிறக்காத ஒன்றின் இறப்பை நாங்கள் பதிய முடியாது."

"பொறந்துச்சுங்க. அழுதுச்சு. நான் கேட்டேன்," என்றாள் நீலாயி.

அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த ஆண்டு முடிவில் அருட்கோமான் அவையில் அறிவித்தார்: "நாட்டின் ஊர்களில் இவ்வாண்டு ஒரு தாயும் இறக்கவில்லை. ஒரு சிசுவும் இறக்கவில்லை." அது உண்மைதான். இறந்தவர்கள் எல்லாரும் ஆற்றிலும் வழியிலும் இறந்திருந்தார்கள்.

வழியில் பிறப்பது ஒழுங்கீனம் என்று அடுத்த ஆணை வந்தது. கருவுற்றவர்கள் இரண்டு மாதம் முன்னதாகவே தலைநகருக்கு வந்து கொட்டகையில் தங்க வேண்டும். நடவு நாளில் பெண்கள் இல்லை. நாற்று முற்றிப் போனது. தாய் இல்லாத வீடுகளில் மூத்த பிள்ளைகள் தம்பி தங்கைகளுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். கோரைக்குடியில் பிறப்பே இல்லை என்று கல்வி அமைச்சர் கண்டறிந்து பள்ளியை மூடினார். பிள்ளை பிறக்காத ஊருக்குப் பாலம் எதற்கு என்று, ஆற்றின் குறுக்கே கட்டத் தொடங்கியிருந்த பாலத்தையும் நிறுத்தினார்கள். இளம் தம்பதிகள் பலர் தலைநகர்க் கொட்டகைகளிலேயே தங்கிவிட்டார்கள்.

நீலாயி மீண்டும் கருவுற்றபோது, அல்லியை வீரணனிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். மாளிகையில் சோலையன் நல்லபடியாகப் பிறந்தான். திரும்பி வந்தபோது அல்லி அவளிடம் வரவில்லை. அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஆண்டுகள் ஓடின. அந்த நாட்டில் பேரவைக்குத் தேர்தல் உண்டு. பொன்னம்பதியில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வாக்கு என்பது முன்னோர் வகுத்த சட்டம். ஊர்க்காரர்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை, சோலையனின் வயதுக்காரர்கள் யோசிக்கும்வரை. அவர்கள் படகு படகாக வந்து இறங்கி வரிசையில் நின்றார்கள்.

"எந்த ஊர்?" என்று கேட்டார் தேர்தல் அதிகாரி.

"இருக்கிறது கோரைக்குடிங்க. பொறந்தது இந்த ஊரு. மாளிகையில கேட்டுப் பாருங்க."

அதிகாரி வரிசையின் கடைசியைப் பார்க்க எட்டிப் பார்த்தார். தெரியவில்லை. அன்றே தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அன்றே அவை கூடி, எல்லா ஊர்களிலும் பேறுகால மனைகளைத் திறக்க ஆணையிட்டது.

கோரைக்குடி மனைக்குப் புதுக் கூரை வந்தது. மருத்துவர் ஒருவரும் வந்தார். திறப்பு விழாவுக்கு அருட்கோமானே வந்தார். "தாய்மாரின் துயரத்தை மன்னரின் தாயுள்ளம் அறியும்" என்று தொடங்கினார்.

கூட்டத்தில் நீலாயி எழுந்தாள். "ஐயா, செத்த புள்ளையக் கையில வெச்சுக்கிட்டு உங்க வாசல்ல நின்னேன். அப்ப இந்தக் கதவு தெறக்கல. இப்ப யாருக்காகத் தெறக்குறீங்க?"

"உங்களுக்காகத்தான், அம்மா," என்றார் அமைச்சர்.

அல்லி நிறைமாதமாக இருந்தாள். பேச்சு முடியுமுன் அவளுக்கு வலி கண்டது. அவள் மனைக்குள் போகாமல் வாசற்படியில் நின்றாள்.

"இங்க பெத்தா எம்புள்ளைக்கு ஓட்டு இல்லம்மா. படகுல போயிரட்டுமா? போய்ச் சேந்துருவேன்."

நீலாயி ஆற்றைப் பார்த்தாள். நியாயமான கேள்விதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளை அழவைத்தது.

"உள்ள போ," என்றாள் கடைசியில். "மொதல்ல உசுரோட வரட்டும்."

பெண் குழந்தை. சாயங்காலத்துக்குள் பிறந்துவிட்டது. அதன் அழுகை கேட்டு அமைச்சர் மனமார மகிழ்ந்தார். வாக்குள்ள தலைநகரத்துக்காரர் ஒருவர் குறைந்தார்.

நீலாயி குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து சோலையனிடம் காட்டினாள்.

"இவளுக்கும் சேத்து நீதான் கேக்கணும்."

அவன் குழந்தையின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு துறைக்கு நடந்தான். நின்றுபோன தேர்தலைக் கேட்கப் போகிறவர்கள் அங்கே படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.