அறுபது கிலோவும் ஆறு கன்னுக்குட்டிகளும்

தோற்றுப்போனால் சிலருக்குத் தூக்கம் வராது. எனக்குத் தோற்றுப்போனதே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் தோளைத் தொட்டு, முடிஞ்சுபோச்சு, வா என்று சொன்னாலும், "எங்க முடிஞ்சுது?" என்று கேட்கிற ரகம் நான். இந்தக் குணத்தால் வாழ்க்கையில் நான் அடைந்த நன்மைகளை யாரும் பேசுவதில்லை. எடை மேடை விஷயத்தை மட்டும் கல்யாண வீடு, காதுகுத்து ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஏகப்பட்ட பிழை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் வீட்டில் இருந்தேன். கடலூர் சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியின் குடோனுக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்தில், ஒயர்லெஸ் நெட்வொர்க் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்திருந்தது கல்லூரி ஒய்ஃபையின் பாஸ்வேர்டு. (அதுவும் தோழி சொன்னது.) வேலை கிடைத்துவிட்டது.

குடோனில் கணக்கெல்லாம் நீள நோட்டில்தான் இருந்தது. எந்த டிரம் எந்த வரிசையில் நிற்கிறது, எப்போது வந்தது, எப்போது போனது எல்லாம் ஆறு நோட்டுகளில் அடக்கம். அதை ஒழித்துவிட்டுக் கையடக்கக் கணினிக்கு மாற்றுவதுதான் என் வேலை. வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அப்பாவுக்கு வடக்கு வீதியில் ஜெராக்ஸ் கடை. சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "பேப்பர்ல சோறு தின்னு வளந்துட்டு, பேப்பரையே ஒழிக்கப் போறேங்கிற" என்றார். காலம் மாறுதுப்பா என்றேன். மாறட்டும், ரசத்தை ஊத்து என்றார்.

ஆறு கருவிகள் வந்தன. செங்கல் கனம். மேலே சின்னத் திரை, கீழே பட்டாணி அளவில் எழுத்துகள், பிடியில் துப்பாக்கி மாதிரி ஒரு விசை. டிரம்மில் ஒட்டிய பார்கோடு சீட்டைக் குறிபார்த்து அழுத்தினால், விவரம் காற்றிலேயே பறந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். ஆபீஸில் இதைக் ‘கன்’ என்றார்கள். சுமை ஏற்றுகிறவர்கள் வாயில் அது கன்னு ஆகி, இரண்டே நாளில் கன்னுக்குட்டி ஆகிவிட்டது.

பெயர் பொருத்தம் பிறகுதான் புரிந்தது. சிக்னல் கொடுப்பதற்காகக் குடோன் கூரையில் எட்டு வெள்ளைப் பெட்டிகள் மாட்டியிருந்தார்கள். கன்னுக்குட்டி காலையில் வாசல் பெட்டியைப் பிடிக்கும். பிடித்தால் விடாது. பத்தாம் வரிசைக்குப் போய், நேர் தலைக்கு மேலே இன்னொரு பெட்டி பச்சை விளக்குடன் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. வாசல் பெட்டியையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் பீப் பீப் என்று கத்தித் தொடர்பை அறுத்துக்கொள்ளும். அப்புறம் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். எட்டு எழுத்து, அதில் ஒன்று பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி. ரப்பர் கையுறையோடு பட்டாணிகளைக் குத்த வேண்டும். (அந்த எட்டெழுத்து விதியைப் போட்டது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.)

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பஷீர் பாய் ஒரு வாரம் பொறுமையாக இருந்தார். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "சிக்னல் ஜாஸ்தியா இருக்கிற எடத்துல டிரம்மு இல்லம்மா. டிரம்மு இருக்கிற எடத்துல சிக்னல் இல்ல. நான் எதப் போயி எடுக்கட்டும்?"

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. எனக்கு அப்போது விடை தேவைப்படவில்லை, வெற்றிதான் தேவைப்பட்டது. எல்லோரும் வாசலில் நின்று ஒப்புக்குக் கன்னை இரண்டு அழுத்து அழுத்திவிட்டு, உள்ளே போய் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். ஆறு நோட்டுகளையும் பறித்து இரும்பு பீரோவில் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு மேலதிகாரி விக்டோரியா மேடம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வருகிறவர். நோட்டை ஒரு தடவை பார்த்தால் போதும், குடோனில் எந்த டிரம்மையும் நடை குறையாமல் போய்த் தொடுவார். அவர் கோபப்படவில்லை. சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து பெரியவர் பார்வையிட வருகிறார், அதுவரைக்கும் நோட்டு வெளியே இருக்கட்டுமே என்றார்.

"நோட்டு இருந்தா கன்னை யாரும் தொட மாட்டாங்க மேடம்."

"கன்னு வேல செஞ்சா நோட்ட யாரும் தொட மாட்டாங்க வாணி."

இப்படிப்பட்ட பதில்களுக்கு ஒரே மருந்து காதில் விழாத மாதிரி இருப்பது. இருந்தேன்.

பெரியவர் வந்தார். கூடவே எங்களிடம் சாயம் வாங்கும் ஒரு பனியன் கம்பெனியின் பிரதிநிதியும் வந்திருந்தார். அவருக்கு ஒரு குறை. போன தடவை வந்த நீலம் சரியில்லை, அதே தொகுதியில் மீதி டிரம் உங்களிடம் இருக்கும், திறந்து காட்டுங்கள் என்று எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க புது மெஷின்ல பாத்து சொல்லுங்க. எங்க இருக்கு?"

இதற்காகத்தான் நான் பிறந்தேன் என்று நினைத்தேன். எண்ணைத் தட்டினேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. பீப் பீப்.

ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிக் கன்னை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு கோடு சிக்னல் வந்தது, ஐந்தாம் வரிசையில் அதுவும் போயிற்று. மரப்பலகை அடுக்கின் மேல் ஏறிப் பார்த்தேன். பஷீர் பாயிடம் ஃபோர்க்லிஃப்டில் என்னைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். ஆளைத் தூக்கக் கூடாதும்மா, ரூல்ஸ் என்றார். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியதும் நான்தான். பெரியவர், பனியன்காரர், விக்டோரியா மேடம், பின்னால் நாலு பேர் எல்லோரும் ஹெல்மெட்டோடு என் பின்னாலேயே வந்தார்கள். ஆனித் திருமஞ்சனத் தேருக்குப் பின்னால்கூட அவ்வளவு ஒழுங்காக யாரும் போக மாட்டார்கள்.

ஷட்டர் வாசலைத் தாண்டியதும் ஒரு கோடு வந்தது. அதை விடக் கூடாது என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்தேன். வெயிலில், முற்றத்தில், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். இரண்டு கோடு. மூன்று கோடு. காலுக்குக் கீழே தரை இரும்பாக மாறியது தெரிந்தது. அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் நான் இல்லை. "கெடச்சிருச்சு சார்" என்று கத்தினேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கி பேசியது.

"மேடை மேல நிக்கிற அறுபது கிலோ கொஞ்சம் கீழ எறங்குங்க. வண்டி வருது."

நான் நின்றிருந்தது லாரி எடை போடும் மேடை. தலைக்கு மேலே, கேட்டிலிருந்தே லாரிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று வைத்த பெரிய போர்டில், முழ நீளச் சிவப்பு எழுத்தில் 60. பெரியவர் போர்டைப் பார்த்தார். பனியன்காரர் போர்டைப் பார்த்தார். லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை என்பதுதான் கொடுமை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

(இங்கே ஒன்றைப் பதிவு செய்கிறேன். அந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். என் எடை அம்பத்தாறு. தவிர ஹெல்மெட், இரும்பு முனை வைத்த ஷூ, கையில் செங்கல் மாதிரி கன்னு. இதையெல்லாம் கழிக்காமல் ஒரு பெண்ணை அறுபது என்று மைக்கில் சொல்வது அநியாயம்.)

நான் இறங்கவில்லை. இறங்கினால் சிக்னல் போய்விடும். லாரி நிற்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டுத் திரையைப் பார்த்தேன். கன்னு பாஸ்வேர்டு கேட்டது. அவசரத்தில் மூன்று முறை தப்பாகக் குத்தினேன். மூன்றாவது முறையோடு பூட்டிக்கொண்டுவிட்டது.

சரி, நோட்டை எடுங்கள் என்றார் பெரியவர். பீரோச் சாவிக்காகக் கைப்பையைத் திறந்தேன். விருந்தாளி வருகிறார்களே என்று அன்றைக்குப் புதுப் பையை எடுத்து வந்திருந்தேன். சாவி பழைய பையில், பழைய பை சிதம்பரத்தில். பூட்டை உடைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம், சாவியே வரட்டும், நானும் இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று பெரியவர் ரொம்ப அமைதியாகச் சொன்னார். அப்பாவுக்குப் போன் செய்தேன். கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினார்.

ஒன்றரை மணி நேரம். டீ வந்தது, வடை வந்தது, மறுபடியும் டீ வந்தது. சாவி கேட்டுக்கு வந்துவிட்டது என்று தகவல் வந்ததும் ஓடினேன். அப்பா ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் உள்ளே விடாமல், எடை மேடை அறையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் என்னை இறக்கிவிடப் பார்த்த அந்த ஆள், முருகவேல் என்று பெயர், அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா சாவியைத் தந்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது என்று புரிந்தது.

விக்டோரியா மேடம் நோட்டைத் திறந்தார். இரண்டு நிமிஷம். பதினேழாம் வரிசை, மூணாவது டிரம் என்றார். போய்ப் பார்த்தால் இருந்தது. திறந்து காட்டினார்கள். நீலம் நன்றாகவே இருந்தது.

கன்னுங்களை எல்லாம் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிடுங்க என்று பெரியவர் சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் குறைந்தபட்சம் வேலையாவது நிச்சயம். நான் குறுக்கே போய் நின்றேன். ஏனென்றால் அந்த ஒன்றரை மணி நேரமும் வடையைப் பார்த்துக்கொண்டு நான் ஒரே விஷயத்தைத்தான் யோசித்திருந்தேன். பஷீர் பாய் கேட்ட கேள்வியை.

"மெஷின் மேல தப்பு இல்ல சார். பெட்டி மாட்ட அளந்துட்டுப் போனாங்களே, அன்னிக்கு குடோன் காலி. காலி எடத்துல எங்க நின்னாலும் சிக்னல் வரும். இப்ப கூரை வரைக்கும் இரும்பு டிரம், உள்ளாற பூரா தண்ணி மாதிரி சரக்கு. எப்படி சார் தாண்டும்? பெட்டிய எறக்கி ரெண்டு வரிசைக்கு ஒண்ணா வரிசை வாயில மாட்டணும். ஒரு மாசம் கொடுங்க. நான் அனுப்ப மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. பெரியவர் முகம் சிவந்தது. அப்போது விக்டோரியா மேடம், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு சொல்றது சரிதான் சார். அவுங்க அளக்க வந்தப்ப குடோன் காலியாதான் கெடந்துச்சு" என்றார். என்னிடம் தோற்க வேண்டிய ஆள் எனக்காகப் பேசுகிறார். அந்த நாளில் என் கண் கலங்கியது அப்போது ஒரு தடவைதான்.

ஒரு மாதம் கிடைத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரை அப்பா டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தார். பிறகு, "அந்த எடை மேடைத் தம்பிக்கு கம்மாபுரமாம். தன்மையான புள்ள" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அறுபதாமே?" என்றார்.

மறுநாள் முருகவேல் மன்னிப்புக் கேட்க வந்தார். ஹெல்மெட் போட்டிருந்ததால் யார் என்று தெரியவில்லை என்றார். அந்த போர்டு பத்துப் பத்தாகத்தான் காட்டும், நான் அம்பத்தாறு என்றேன். "தெரியும் மேடம். ஆனா போர்டுல உள்ளதத்தான சொல்லணும்" என்றார். இவ்வளவு நேர்மையான மனிதரை எப்படிப் பழிவாங்குவது என்று தெரியாமல் ஏணியைப் பிடிக்கச் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் அவர் ஏணி பிடித்தார், பஷீர் பாய் விளக்கு பிடித்தார், நான் பெட்டிகளைக் கழற்றி இறக்கி மாட்டினேன். சிக்னல் தேய்ந்தால் பழைய பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும்படி கன்னுகளின் அமைப்பையும் மாற்றினேன். மாதக் கடைசியில் பதினாறு வரிசைகளில் கன்னுக்குட்டிகள் கத்தாமல் மேய்ந்தன. பதினேழாம் வரிசையில் மட்டும் கடைசி வரை சிக்னல் வரவில்லை. அங்கே ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். அதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு நான் பேசுவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஏணி பிடித்தவரையே கட்டிக்கொண்டேன். பெண் பார்க்க வந்தபோது என் மாமியார் ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் தம்பி சொல்லிருக்கான் என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். இன்றைக்கும் நான் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் சுற்றினால், கீழேயிருந்து அவர் கையைக் குவித்து, அறுபது கிலோ கொஞ்சம் எறங்குங்க என்பார். நான் பத்துப் பத்தாகக் காட்டும் போர்டைப் பற்றி விளக்குவேன். பத்து வருஷமாக விளக்குகிறேன்.

போன மாதம் மூன்றாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில், எண்களைப் பக்கத்திலுள்ள பத்துக்கு மாற்றும் கணக்கு நடத்தினார்கள். சாயங்காலம் ஓடிவந்து, "அம்மா, நீ சொன்னது கரெக்டுதான். அம்பத்தாறு இருந்தாலும் போர்டு அறுபதுன்னுதான் காட்டும்" என்றாள். வீட்டில் எல்லோர் முன்னாலும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நீதி தாமதமாக வந்தாலும் வரும் என்று கணவரைப் பார்த்தேன்.

அவள் என் பிடியிலிருந்து நெளிந்து வெளியே வந்து, "அறுபத்து நாலு இருந்தாலும் அறுபதுன்னுதான் காட்டும்" என்றாள்.

இப்போது மாடியைப் பார்த்து என் கணவர் கூப்பிடுவது அறுபத்து நாலு கிலோவை. நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.