நேந்துவிட்ட டிராக்டர்

இனிமேல் பெண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று ஒரு நாள் முடிவு செய்தேன். எழுபத்தெட்டாம் வருசம், தை மாசக் கடைசி. ரேடியோவில் காலைச் செய்தி ஆரம்பிக்கும்போது முடிவு செய்தேன். செய்தி முடிவதற்குள் மாற்றிக்கொண்டேன். பயப்படாமல் இருப்பது எனக்கு ஆகிற காரியமில்லை. அதைவிட அவளைப் பயப்பட வைப்பது சுலபம் என்று தோன்றிவிட்டது. என்னைப் பிடித்த சனியன் அந்த நிமிசத்தில்தான் பிடித்தது.

என் பெயர் சண்முகராஜ். குடியிருப்பு பழனிசெட்டிபட்டி. தேனி பஜாரில் டிராக்டர் சாமான் விற்கிற கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பது உத்தியோகம். எனக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. ஆனால் டிராக்டர் எட்டு உண்டு. கூடவே ஓர் அறுவடை மெஷினும் உண்டு.

பதற வேண்டாம். எல்லாமே உள்ளங்கை அளவுதான். ஆனாலும் அச்சு அசல். ஸ்டியரிங் திரும்பும். பின்சக்கரத்தில் பட்டன் டயர் வரி வரியாகத் தெரியும். கம்பெனி ஆள் மெட்ராஸிலிருந்து வரும்போது கெஞ்சி வாங்கியது பாதி. மீதி, கண்ட இடத்தில் காலைப் பிடித்து வாங்கியது. சிவப்பு டிராக்டர் ஒன்று சாவி கொடுத்தால் கிர்ரென்று உடம்பெல்லாம் ஆடிக்கொண்டு ஓடும். ஆனால் என் உயிர் அந்த மஞ்சள் அறுவடை மெஷினில்தான் இருந்தது. கம்பம் பஜாரில் ஒரு மலையாள லாரி டிரைவர், "சாரே, இது இங்கிலண்டு சாதனம்" என்று கண்ணில் காட்டினான். கையில் காசில்லை. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, குளிக்கும்போது கடிகாரம் முல்லையாற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லி, நம்பும்படியாக இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டேன்.

இந்த ஒன்பதும் குடியிருந்தது கண்ணாடி பீரோவில். பீரோ என் மனைவி அன்னத்தாயின் சீர். அவள் அப்பா வருசநாட்டில் தேக்குப் பலகை அறுத்துச் செய்யச்சொல்லி, உள்ளே அடுக்குவதற்குப் பித்தளைப் பாத்திரமும் கொடுத்து அனுப்பினார். அந்தப் பாத்திரமெல்லாம் எட்டு வருசமாகச் சாக்குமூட்டையில் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. அன்றைக்குக் காலையில் அன்னத்தாய் சாக்கை வெளியே இழுத்துப் போட்டாள்.

"ஏங்க, குலசாமி கோயில்ல மாசிப்பச்சைத் திருவிழா முடிஞ்ச வெள்ளிக்கிழமை எங்க அப்பா வாறாக. ஆசுபத்திரியில கண்ணு காட்டணுமாம். பத்து நாளு இங்கனதான் இருப்பாக."

"வரட்டும். நல்லா வரட்டும்."

"அதுக்குள்ள பீரோவைக் காலி பண்ணிருங்க. அவுக வாங்கிக் குடுத்த பீரோவுல அவுக குடுத்த குத்துவிளக்கு இருக்கணும். உங்க பொம்மை இருக்கக் கூடாது."

"பொம்மைன்னு சொல்லாத. மாடல்!"

"மாடு வாங்க வக்கில்ல. மாடல் வாங்கியாச்சு."

"ஏத்தா, இது வெளயாட்டுச் சாமான் இல்ல. நெசமான டிராக்டருல முப்பத்திரெண்டுல ஒரு பங்கு. இதுக்குப் பேரு ஸ்கேல்."

"எங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரும் ஒரு ஸ்கேல் வச்சிருந்தாக. நல்ல மூங்கில் ஸ்கேல். இப்ப இங்கன இருந்தா எம்புட்டு நல்லா இருக்கும்!"

"இதெல்லாம் எங்க கொண்டு போயி வைக்க?"

"சாக்குல போட்டு, கட்டிலுக்கு அடியில வைங்க. எட்டு வருசம் என் பாத்திரம் கெடந்துச்சுல்ல? அதுக எட்டு வருசம் கெடக்கட்டும்."

அறுவடை மெஷின் சாக்கிலா! அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அன்னத்தாய் என்னைக் கண்டு பயப்பட மாட்டாள். போலீஸைக் கண்டு பயப்பட மாட்டாள். ஒருதடவை வீட்டுக்குள் வந்த சாரைப்பாம்பு அவளைக் கண்டு பயந்துபோய் வந்த வழியே திரும்பிவிட்டது. அவள் பயப்படுகிற ஒரே ஆள், வருசநாட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் குலசாமி கருப்பன்.

எங்கள் பக்கம் கருப்பனுக்கென்று ஒரு கிடாயை நேந்துவிட்டால், அப்புறம் அதை ஒருத்தரும் தொடமாட்டார்கள். அது பருத்திக் காட்டை மேய்ந்தாலும் ஒரு கல் எடுத்து எறியமாட்டார்கள். நான் எழுந்து நின்றேன். முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டேன்.

"அன்னம், அதுகளைத் தொட்றாத. கருப்பனுக்கு நேந்துவிட்டது."

அவள் கையிலிருந்த சாக்கு கீழே விழுந்தது.

"எப்ப நேந்தீக?"

"கார்த்திகையில."

"எதுக்கு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுக்கு."

"எனக்கு எங்க காய்ச்சல் வந்துச்சு? மூக்குதான ஒழுகுச்சு?"

"ஒழுகுச்சுல்ல? அதுக்குத்தான். மனசு கேக்கல. கருப்பா, என் அன்னத்தைக் காப்பாத்து, பீரோவுல இருக்கற அம்புட்டும் உனக்குத்தான்னு நேந்துட்டேன்."

அவள் ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என் மேல இம்புட்டுப் பிரியமா உங்களுக்கு? நான் ஒரு கூறுகெட்டவ. எனக்குத் தெரியாமப் போச்சே!"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கடைக்குச் சைக்கிள் மிதித்துப் போகும்போது எதிர்க்காற்றுகூடத் தெரியவில்லை.

அடுத்த இருபது நாளும் ராஜவாழ்க்கை. வெள்ளிக்கிழமை தவறாமல் பீரோவுக்குச் சாம்பிராணி போட்டாள். ஒவ்வொரு டிராக்டருக்கும் மூஞ்சியில் திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமம். சாப்பாட்டில் தொட்டுக்க ரெண்டு வெஞ்சனம். இத்தனை வருசமாக இந்த யோசனை வராமல் போனதே என்று என்னையே நொந்துகொண்டேன்.

ஒரு நாள் காலையில் சைக்கிளை எடுக்கும்போது எதிர்வீட்டுச் சங்கிலியம்மாள் கும்பிட்டாள். அவள் யாரையும் கும்பிடுகிற ஆள் இல்லை.

"புருசன்னா உங்களை மாதிரி இருக்கணும்ணே. பெண்டாட்டிக்குச் சளி புடிச்சதுக்கு ஒரு பீரோ டிராக்டரைக் கோயிலுக்குக் குடுக்குறீகளாமே! என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, எனக்கு டைபாயிடு வந்தப்ப ஒரு சாத்துக்குடி வாங்கித் தரல."

"கோயிலுக்குக் குடுக்குறேனா? யாரு சொன்னா?"

"அன்னம்தான் சொல்லுச்சு. தெரு பூராச் சொல்லிருச்சு. மாசிப்பச்சைக்கு நாங்களும் பஸ்ஸுல வாறோம்ணே, பாக்கணும்ல."

சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"அன்னம்! என்ன இது, கோயிலுக்குக் குடுக்கறதாவது?"

அவள் அம்மியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நேந்துவிட்டதைக் கோயில்லதான சேக்கணும்? பின்ன, கிடாயை நேந்துவிட்டுட்டு வீட்டுலயே வச்சுக் கொஞ்சிக்கிட்டா இருப்பாக?"

ஆத்தாடி! நேந்துவிட்டதைத் தொடக்கூடாது என்கிற முதல் பாதிதான் எனக்கு ஞாபகம் வந்திருந்தது. கடைசியில் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்கிற ரெண்டாம் பாதியைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

"அடுத்த வருசம் குடுப்போமே, அன்னம்."

"என் உசுருக்காக நேந்தது. தள்ளிப்போட்டா எனக்குத்தான ஆகாது? பரவாயில்லைன்னா சொல்லுங்க. இப்பவே மூக்கை உறிஞ்சிக்கிட்டுப் படுத்துர்றேன்."

வாசலில் சங்கிலியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். "சேத்துருவோம்" என்றேன்.

கிளம்புகிற அன்றைக்கு அன்னத்தாய் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன நேரத்தில், அறுவடை மெஷினை மட்டும் எடுத்து ஒளித்தேன். எங்கே ஒளித்தேன்? அங்கேதான் என் மூளை. அரிசி டிரம்முக்குள்! கலியாணமாகி எட்டு வருசத்தில் நான் ஒரு தடவைகூட உள்ளே கை விடாத இடம் அது ஒன்றுதான். அதனால் யாருமே கை விடமாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

மற்ற எட்டையும் நார்ப்பெட்டியில் அடுக்கி, மேலே மஞ்சள் துணி கட்டினேன்.

"எல்லாத்தையும் வச்சாச்சா?" என்றாள், குடத்தை இறக்கிக்கொண்டே.

"வச்சாச்சு."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் பூ வைத்துக்கொள்ளப் போய்விட்டாள். பால்காரன் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினாலும் பிடித்துவிடுகிறவளுக்கு எட்டுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

வருசநாட்டுப் பஸ்ஸில் பாதித் தெரு இருந்தது. இறங்கியதும் பெட்டியை என் தலையில் ஏற்றினார்கள். முன்னால் கொட்டு, பின்னால் குலவை, நடுவில் நான். ஒருத்தன் என் காதில் விழும்படியாகவே சொன்னான்: "சளிக்கே எட்டு டிராக்டர். இருமல் வந்திருந்தா புல்டோசரே குடுத்திருப்பாக."

கோயிலில் பூசாரி ஒச்சாண்டி, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வெகுநேரம் தாடியைத் தடவினார். அவருக்குக் கிடா தெரியும், சேவல் தெரியும், மண்ணில் செய்த குதிரை தெரியும். டிராக்டர் புதுசு.

எனக்கு ஒரு பிடி கிடைத்தது. கிடாயைக் கொடுக்கும்போது அதன் மேல் மஞ்சத்தண்ணி தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் வெட்டமாட்டார்கள். டிராக்டராவது, சிலுப்புவதாவது!

"பூசாரியண்ணே, மொறைன்னா மொறை. தண்ணி தெளிங்க. உத்தரவு வந்தா வாங்கிக்கங்க. வராட்டி நான் வீட்டுக்குக் கொண்டு போயிர்றேன். சாமிக்குப் புடிக்காததை நாம திணிக்கக் கூடாது."

"தம்பி சொல்றது ஞாயம்தான்" என்றார் ஒச்சாண்டி. கூட்டமும் தலையாட்டியது. அன்னத்தாயும் தலையாட்டினாள். பெட்டியிலிருந்து எட்டையும் எடுத்துக் கருப்பன் முன்னால் வரிசையாக வைத்தாள். கடைசியாகச் சிவப்பு டிராக்டரை வைத்துவிட்டு, அது சாய்ந்துவிடாமல் பிடிப்பவள் போல அதன் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

ஒச்சாண்டி வேப்பிலையால் தண்ணி தெளித்தார். எதுவும் அசையவில்லை. நான் நார்ப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். ரெண்டாந்தடவை தெளித்தார். அசையவில்லை. நான் குனிந்துவிட்டேன்.

மூணாந்தடவை தெளித்தார். அன்னத்தாய் கும்பிடுவதற்காகக் கையை எடுத்தாள்.

கிர்ர்ர்ர்ர்ர்!

சிவப்பு டிராக்டர் ரெண்டு பக்கமும் உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, தண்ணி தெறிக்க, நேராக ஓடிக் கருப்பன் காலடியில் முட்டி நின்றது. கூட்டம் "கருப்பா!" என்று அலறியது. பொம்பளைகள் போட்ட குலவை மேகமலைக்கே கேட்டிருக்கும். ஒச்சாண்டிக்குச் சாமியே வந்துவிட்டது.

"ஏலே! ஏத்துக்கிட்டேன்டா! அம்புட்டையும் ஏத்துக்கிட்டேன்டா!"

சாவி கொடுத்து வைத்திருந்தது யார் என்று எனக்குத் தெரியும். எப்படிச் சொல்ல முடியும்? அவள் சாவி கொடுத்ததைச் சொன்னால் நான் கதை விட்டதையும் சொல்ல வேண்டும். எட்டு டிராக்டரையும் மண்குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நான் சேர்த்தது உழவுச் சாமான். அவள் பார்த்தது உளவு வேலை. எங்கள் ஊரில் ரெண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிப்போம். அதனால்தான் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாமனார் வந்தார். கண்ணாடி பீரோவில் குத்துவிளக்கு, பன்னீர்ச்செம்பு, தூக்குவாளி எல்லாம் புளி போட்டுத் தேய்த்த பளபளப்போடு நின்றன. கண் சரியாகத் தெரியாத மனுசருக்கே அது தெரிந்தது. தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "எம்மக பீரோவை நல்லா வச்சிருக்கா" என்று சொன்னார். அன்னத்தாயின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது. போனது போகட்டும், எட்டு போனாலும் ஒன்று இருக்கிறதல்லவா?

மாமனார் அசந்து தூங்கிய நேரம். அன்னத்தாய் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குள் பூனை மாதிரி நுழைந்து அரிசி டிரம்மைத் திறந்தேன். கையை ஆழமாக விடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அரிசிக்கு மேலேயே, நட்டநடுவில், என் மஞ்சள் அறுவடை மெஷின் உட்கார்ந்திருந்தது. மூஞ்சியில் திருநீற்றுப் பட்டை. பட்டைக்கு நடுவில் குங்குமம். கழுத்தில் ஒரு முழம் கதம்பம்.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"அன்னம்... இது... இதை யாரு நேந்தது?"

"நான்தான். தினம் ரெண்டு வேளை அரிசி அளக்கறவ நான்தான?"

"எதுக்கு நேந்த?"

"எங்க அப்பா போட்ட கைக்கடிகாரம் முல்லையாத்துல விழுந்துருச்சுன்னு அழுதீகள்ல? அது கெடைக்கணும்னுதான். கருப்பன் எங்க இருந்தாலும் கொண்டாந்துருவாரு, லாரியில போனாலும் விடமாட்டாரு."

நான் மெதுவாகக் கையை மெஷின் பக்கம் நீட்டினேன்.

"ஐயையோ, தொட்றாதீக! நேந்துவிட்டது."