விக்கி தேர்வுக் குழுவும் நாற்பது பக்க நோட்டும்

மனித அறிவை அழியாமல் காக்கத் தீர்மானம் நிறைவேறிய அந்த மாபெரும் நாளில், எங்கள் சலவைக்கூடத்து அலுவலக அறையில் இருந்தவர்கள் வருமாறு: மின்விசிறிக்கு நேர் கீழே மேலாளர். அவருக்கு வலப்புறம், மடிக்கணினியோடு, ‘சர்வர் சார்’ என்று எல்லோரும் அழைக்கும் கணினிக்காரர். இடப்புறம், கோடு போட்ட தாளோடு, குழுவின் செயலாளராகிய அடியேன். கதவோரம், ஒரு கால் குட்டையான ஸ்டூலில், பாய்லர் அக்கா.

மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் எங்களிடம்தான் வெளுக்கின்றன. வெளுக்க நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர் வேண்டும். பாய்லருக்கு அக்கா வேண்டும். பாய்லர் மக்கர் செய்தால் எந்த வால்வைத் திருப்பி எந்தக் குழாயைத் தட்டுவது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவரோ பதினொரு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். ஆகவே அவருக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிவைக்க ஒரு ‘விக்கி’ தேவை. அதாவது, கம்ப்யூட்டரில் நாங்களே எழுதி, நாங்களே திருத்தி, நாங்களே படிக்கும் பக்கங்கள். அதுவும் எங்கள் சொந்த சர்வரில்.

“நம்ம ரகசியம் வெளிய போயிடக் கூடாது,” என்றார் மேலாளர்.

“ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் குடுங்க சார். ரெண்டு வாரத்துல நானே எழுதித் தந்துடறேன்,” என்றார் அக்கா.

நான் எழுதிய குறிப்பு இன்றும் பத்திரமாக இருக்கிறது: ‘அம்மையாரின் ஆலோசனை நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது. நோட்டில் தேடல் வசதி இல்லாமையால் நிராகரிக்கப்பட்டது.’ அந்த வாக்கியத்தின் அழகில் நானே சொக்கிப்போய், அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

பிறகு ‘ஆய்வு’. பதினான்கு மென்பொருள்கள்; அறுபத்திரண்டு அளவுகோல்கள். அட்டவணை முழுக்க என் கைவண்ணம். ஒன்றில் எழுத்து பொடி. ஒன்றில் பக்கத்தை அழித்தால் திரும்பி வராது. ஒன்று எல்லாவற்றிலும் தேறியது. ஆனால் அதன் சின்னம் மேலாளர் கண்ணுக்கு எலி மாதிரி தெரிந்தது.

“பின்னாடி வேற விக்கிக்கு மாறணும்னா, எல்லாத்தையும் மொத்தமா எடுத்துட்டுப் போக முடியுமா?” என்று கேட்டார் மேலாளர்.

“முடியும் சார். படம் மட்டும் வராது,” என்றார் சர்வர் சார்.

“ஐயையோ! ஒத்திவைங்க.”

“எதை சார் எடுத்துட்டுப் போறது? இன்னும் ஒரு வரி எழுதலையே,” என்றார் அக்கா.

“அக்கா, இது மைக்ரேஷன்,” என்றேன் நான். அந்தச் சொல் எனக்கு அன்று காலைதான் அறிமுகம்.

இருபத்திரண்டாம் கூட்டத்தில் விக்கி தேர்வானது. கைதட்டினோம். அன்றுதான் அக்காவுக்குக் கடைசி நாள். எங்கள் ரகசியம் மாலை ஐந்து மணிக்கு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் வழியாக நடந்து போனது. வெளியேறும் சீட்டில் கையெழுத்திட்டவன் நான்.

திங்கட்கிழமை பாய்லர் நின்றது. ஈர விரிப்புகள் ஆளுயரத்துக்குக் குவிந்தன. ஆபரேஷன் தியேட்டர்கள் காத்திருப்பதாக ஆஸ்பத்திரிகள் கத்தின. விக்கியைத் திறந்தோம். தேடல் வசதி அபாரம்! ‘விக்கி தேர்வான வரலாறு’ என்ற பக்கம் அடியேன் எழுதியது; படித்து முடிக்க ஒரு மணி நேரமாகும். ‘பாய்லர்’ என்ற பக்கத்தில்: ‘இங்கே இன்னும் எதுவும் இல்லை. நீங்கள் தொடங்கலாமே!’

மேலாளர் அக்காவுக்குப் போன் போட்டார்.

“விக்கில பாருங்க சார்,” என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

விரிப்புகள் லாரியேறி வேறொரு சலவைக்கூடத்துக்குப் போயின. அக்காவுக்குக் கடிதம் எழுதும்படி எனக்கு உத்தரவாயிற்று. ‘மாண்புமிகு’ என்று தொடங்கிய மூன்று வரைவுகளைக் கிழித்தேன். நான்காவது இவ்வளவுதான்: ‘அக்கா, பதினொரு மாதம் எங்கே எழுதுவது என்று தேடினேன். உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நோட்டு இத்துடன்.’

உறையை ஒட்டி, தபால் நிலையத்தில் நீட்டினேன்.

“உள்ள என்ன சார்?” என்றார் ஊழியர்.

“ஒண்ணும் எழுதாத நோட்டுங்க.”

“அதுக்கா பதிவுத் தபால்?”

“முதல் நாளே குடுத்திருக்க வேண்டியதுங்க. இன்னொரு தடவை நான் நிராகரிச்சிடறதுக்குள்ள அனுப்பிடுங்க.”

அவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.