வான் கதவு திறந்தாச்சாம்

வாவிக்கரை ஒழுங்கை,
புளியந்தீவு,
மட்டக்களப்பு.
திங்கட்கிழமை

பேரன்புக்குரிய மகள் பிரஷாந்திக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் மாமாங்கப் பிள்ளையார் துணையால் இன்றுவரை உலர்ந்த நிலையில் இருக்கிறோம். அங்கே நீயும் மருமகனும் பேத்தி மேனுகாவும் மெல்பேர்ன் வெயிலில் வாடாமல் இருக்க அவரையே வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். முப்பத்தொரு வருடம் உப தபாலதிபராக இருந்தவன் நான். முக்கியமான விடயத்தை முத்திரை ஒட்டாமல் சொன்னால் எனக்குச் சொன்ன மாதிரியே இராது. அதோடு வாட்ஸ்அப்பில் நீ இடையில் புகுந்து பேசுவாய்.

நீ அனுப்பிய குரல் பதிவை அம்மாவும் நானும் நாலு தரம் கேட்டோம். "போன மாரிக்கு வெள்ளம் கட்டில் மட்டத்துக்கு வந்து, ரெண்டு நாளா போனும் வேலை செய்யாம, நான் இஞ்ச செத்துப் பிழைச்சன் அப்பா. இந்தமுறை மூண்டு நாளைக்குத் தேவையானதைச் சேர்த்து வச்சு, தப்பிற வழியையும் பழகிக் காட்டுங்க. இல்லாட்டி ரெண்டு டிக்கட் போடுவன். மாரி முடியுமட்டும் இஞ்ச வந்து இருங்க" என்று சொல்லியிருந்தாய். அந்த இரண்டு நாளும் நீ சாப்பிடவில்லை என்று மருமகனும் சொன்னார். ஆனாலும் மகள், வீட்டை விட்டுவிட்டு வர எங்களால் ஏலாது. டிக்கட் தேவையில்லை என்று நிரூபிக்கத்தான் இந்த இரண்டு மாதமும் பாடுபட்டேன். அந்தப் பாட்டை விபரமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

உன் பட்டியலை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி, பக்க இலக்கமும் போட்டேன். முதலாம் பக்கம் உலர் உணவு. நான் கிறீம் கிறாக்கரும் மீன் டின்னும் வாங்கி வந்து பையில் அடுக்கினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போறமா?" என்று கேட்டு, பொரிவிளாங்காய் உருண்டை பிடித்தா. மாதக்கணக்கில் கெடாது என்றா. உண்மைதான், கெடவில்லை. கெடுவதற்கு அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. பின்னேரத் தேத்தண்ணிக்குக் கடிக்க ஒன்றும் இல்லாததும் ஓர் அவசரம்தான் என்பது என் கட்சி. நாலாம் நாள் டப்பா வெறுமை. இப்போது மூன்றாம் தடவை பிடித்ததை எங்கே ஒளித்திருக்கிறா என்று எனக்குத் தெரியாது, ஆகவே அது பாதுகாப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள். மீன் டின்னுக்குத் தேங்காய்ச் சம்பல் வேண்டுமென்று, தேங்காய் துருவுகிற திருவலையைப் பலகையோடு பையின் அடியில் வைத்திருக்கிறா. நான் அதை எடுத்துவிட்டு, நீ அனுப்பிய கை சுற்றும் ரேடியோவை வைத்தேன். அவ ரேடியோவை எடுத்துவிட்டு மறுபடி திருவலையை வைத்தா. "வெள்ளம் வந்தா ரேடியோ சொல்லித்தான் தெரியவேணுமா? காலில தெரியாதா?" என்று கேட்கிறா. இதற்கு உன் பட்டியலில் பதில் இல்லை.

இரண்டாம் பக்கம் குடிநீர். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் என்று நீ போட்டிருந்தாய். நான் எதையும் மட்டுமட்டாகச் செய்கிற ஆளில்லை. ஆறு பெரிய நீலப் பீப்பாய்களைக் கிணற்றடியில் வரிசையாக வைத்து நிரப்பி, ஒவ்வொன்றிலும் திகதி எழுதிய தாள் ஒட்டினேன். மூடி இருந்தால் வாளி விட்டு அள்ளுவது கரைச்சல் என்று அம்மா மூடிகளைக் கழற்றி, அவற்றில் கோழிக்குத் தீன் வைத்தா. பன்னிரண்டாம் நாள் டெங்கு பரிசோதிக்கிறவர்கள் வந்தார்கள். ஒழுங்கையில் வீடு வீடாகத் தண்ணீர் தேங்கிய சிரட்டை தேடிக்கொண்டு வந்தவர்கள், நம் வளவுக்குள் வந்ததும் சிரட்டையை மறந்துவிட்டார்கள். பொறுப்பாக வந்த தம்பி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இதில என்ன வளர்க்கிறீங்க?" என்று கேட்டார். "அவசரகால ஆயத்தம்" என்றேன். "ஆருக்கு, நுளம்புக்கா?" என்றார். ஒரு சிவப்பு எச்சரிக்கைத் தாளை நீட்டிவிட்டு, "திகதி போட்டு வச்சது நல்லம் ஐயா. நுளம்புக் குடம்பிக்கு எத்தனை நாள் வயசெண்டு எங்களுக்கு லேசாக் கண்டுபிடிக்க ஏலும்" என்று பாராட்டவும் செய்தார். எப்படியோ, ஒரு அரசாங்க உத்தியோகத்தர் என் ஒழுங்குமுறையைப் பாராட்டியது அதுதான் கடைசித் தடவை என்று நினைக்காதே, பின்னால் இன்னொன்று வருகிறது.

மூன்றாம் பக்கம் முதலுதவி. உடைந்த கையைத் துணியால் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டுவது எப்படி என்று வீடியோ பார்த்து அம்மாவின் கையில் பழகினேன். கட்டு நன்றாக அமைந்துவிட்டது, அவிழ்க்கத்தான் வீடியோவில் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து மீன்காரர் சைக்கிளில் வந்துவிட்டார். அம்மா கட்டோடு போய் நின்றா. அவர் பதறிப்போய், வாவி றால் ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போட்டுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாரே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கையை உடைத்தவன் நான்தான் என்று ஒழுங்கைக்குள் கதை போய்விட்டது. கட்டை அவிழ்த்த பிறகும், அடுத்த இரண்டு நாளும் மீன்காரரின் ஹோர்ன் கேட்டதும் அம்மா அந்தத் துணியைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனா. தடுத்தேன். "றாலை மட்டும் நல்லாச் சாப்பிடுறீங்கதானே" என்றா.

இனி முக்கியமான விடயம். சனிக்கிழமை நடந்ததை உனக்குப் பலர் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள், முகநூலில் படமும் போட்டிருக்கிறார்களாம். என்னிடம் கேள். காத்தான்குடி ஸியாம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் வைத்திருக்கிறார். வெள்ளம் வந்தால் எங்களை அவர் ஏற்றிப் போவதாக ஏற்பாடு. நம் ஒழுங்கைக்குள் வான் நுழையாது. ஆகவே அவர் ஒழுங்கை வாயில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போன் எடுப்பார், நாங்கள் பையோடு பத்து நிமிடத்தில் ஏறிவிட வேண்டும். சனி பின்னேரம் மூன்றரைக்கு ஒத்திகை. மூன்று நாளாக அடித்த மழை அன்று மத்தியானம்தான் விட்டிருந்தது. வாவி கடலில் சேரும் முகத்துவாரமும் இன்னும் வெட்டவில்லை. இந்த நேரத்தில் உன்னிச்சைக் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீரைத் திறந்துவிட்டால், அது வாவிக்கு வந்து, கடலுக்குப் போக வழியில்லாமல் நேரே நம் ஒழுங்கைக்குத்தான் வரும். அந்தப் பயத்தில் எல்லாரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். குளத்தில் அப்படித் தண்ணீர் திறந்துவிடும் கதவுக்கு இங்கே என்ன பெயர் என்று மெல்பேர்னில் இருந்து நீ மறந்திருக்கலாம். நானே அன்று மறந்துபோனேன். அதற்கும் வான் கதவு என்றுதானே பெயர்.

மூன்றரைக்குப் போன் அடித்தது. நான் கிணற்றடியில் நின்றேன். அம்மா விறாந்தையில் நின்று போனைக் காதில் வைத்தபடி, தன் முழுக் குரலில், "இஞ்சாருங்க! வான் கதவு திறந்தாச்சாம்! கெதியா வாங்க!" என்று கத்தினா.

முன்வீட்டுத் தனுஷா, பாலர் பாடசாலை ரீச்சர், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "அன்ரி, எத்தனை கதவு?"

அம்மா மரியாதையாக ஸியாமிடம் கேட்டுச் சொன்னா. "ரெண்டு கதவாம் புள்ள!"

"ஐயோ, எவ்வளவுக்குத் திறந்திருக்காம்?"

"முழுசாத் திறந்திருக்காம்!"

"இந்தப் பிள்ளைக்கு நம்மட வானில இவ்வளவு அக்கறையா எண்டு நினைச்சன்" என்று அம்மா பிறகு சொன்னா. நான் முன்னுக்கு வருவதற்குள் செய்தி ஒழுங்கையின் கடைசி வீட்டைத் தாண்டிவிட்டது. ஒருவர் டீவியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறார். ஒருவர் காஸ் சிலிண்டரை உருட்டுகிறார். ஒரு மனுசி இரண்டு ஆட்டையும் கல்யாண அல்பத்தையும் பிடித்துக்கொண்டு, புருசனைப் பின்னால் வரச் சொல்லிவிட்டுப் போகிறா. நான் நடு ஒழுங்கையில் நின்று, "இது ஒத்திகை! ஒத்திகை!" என்று கத்தினேன். "ஓம் சேர், ஓடுறம் சேர்!" என்று பதில் வந்தது. ஒழுங்கை வாயில் வான் ஒன்று கதவைத் திறந்துகொண்டு நிற்பதைக் கண்டவர்கள், அரசாங்கம் முதல் தடவையாக நேரத்துக்கு வாகனம் அனுப்பியிருக்கிறது என்று கும்பிட்டுவிட்டு ஏறினார்கள். பதினான்கு பேர் வானில் முப்பத்தொரு பேர், ஆடுகள் சேர்க்காமல். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு இடமில்லை. தனுஷா அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் இருத்தினா. நான் திருவலையைத் தூக்கிக்கொண்டு, இடம் கிடைக்காத மற்றவர்களோடு வானுக்குப் பின்னால், வெள்ளத்துக்கு ஒதுங்குகிற பள்ளிக்கூடம்வரை நடந்தேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் பாயெல்லாம் விரித்தாகிவிட்டது. பெரிய பானையில் சோறும் பருப்பும் ஏற்றியிருந்தார்கள். ஸியாம் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், "சேர், ரெண்டு பேர்தானே எண்டீங்க. இவ்வளவு பேரும் உங்கட சொந்தக்காரரா?" என்று கேட்டார். அதற்குள் கிராம சேவகர் பதிவுப் புத்தகத்தோடு வந்து, உன்னிச்சைக்குப் போன் பேசிவிட்டு, "அங்க ஒரு கதவும் திறக்கல்லையே. ஆர் சொன்னது?" என்று கேட்டார். எல்லாரும் தனுஷாவைப் பார்த்தார்கள். தனுஷா அம்மாவைப் பார்த்தா. அம்மா ஸியாமைப் பார்த்தா. ஸியாம் வெளியே கையைக் காட்டி, "ரெண்டு கதவும் இப்பவும் திறந்துதானே சேர் கிடக்கு" என்றார்.

எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். டீவி தூக்கி வந்தவர் முதலில் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. சோறு வெந்துவிட்டபடியால் இருந்து சாப்பிட்டுவிட்டே போவோம் என்று எல்லாரும் பந்தியில் குந்தினார்கள். அம்மாவின் திருவலைக்கும் வேலை வந்தது, சம்பல் இருந்தபடியால்தான் அந்தப் பருப்புச் சோறு இறங்கியது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஆவணி மாதம் கிராம சேவகர் முறையாக அறிவித்து நடத்திய ஒத்திகைக்குப் பதினொரு பேர் வந்தார்களாம், அதில் நாலு பேர் தேத்தண்ணிக்கு. "இண்டைக்குத் தொண்ணூற்றி மூண்டு பேர், பன்னிரண்டு நிமிசம். நான் இதை ஒத்திகை எண்டே எழுதிடுறன் சேர்" என்று என் கையைக் குலுக்கினார். நான் சொன்ன இரண்டாவது பாராட்டு இதுதான்.

ஆகவே மகள், நாங்கள் ஆயத்தம். ஒரு ஒழுங்கையே உன் அம்மாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு போகும்போது டிக்கட் எதற்கு? இந்த வீட்டை, கிணற்றை, கோழிகளை விட்டுவிட்டு நான் எங்கும் வருவதாக இல்லை. அம்மாவின் முடிவும் இதுவே. அவவைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை, முப்பத்தெட்டு வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே முடிவுதான். டிக்கட் போடாதே.

மருமகனுக்கு என் அன்பு. மேனுகாவின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, நெற்றியில் ஒன்று. நீங்கள் மூவரும் நனையாமலும் வாடாமலும், கூப்பிட்டால் குரல் கேட்கிற ஆட்கள் பக்கத்தில் இருக்க, நீண்ட காலம் வாழ வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
க. வல்லிபுரம்

பி.கு.: மேலே உள்ளதை அம்மா வாசித்துவிட்டு மடித்துத் தந்தா. இதைத் தபால் கந்தோர் மேசையடியில் நின்று எழுதுகிறேன். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில், கை கழுவப் போனவன் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டேன். தனுஷா கேட்டா, "தண்ணி வரல்லைதானே அன்ரி, மறுகா ஏன் முகம் வாடிக்கிடக்கு?" என்று. உன் அம்மா சொன்னா, "உண்மையா வந்திருந்தா மகளிட்டப் போயிருக்கலாம் புள்ள. அந்த மனுசனாலயும் மறுக்க ஏலாமப் போயிருக்கும். பேத்தியை நான் இன்னும் தூக்கினதில்லை." வெள்ளம் வரவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே மட்டக்களப்பு மனுசி என் வீட்டில்தான் இருக்கிறா, எனக்குத் தெரியாமல். என்னிடம் அவ கேட்டதேயில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு விமானம் பயம், அதை மறைக்கத்தான் இந்தக் கிணறும் கோழியும். இரண்டு டிக்கட்டும் போடு. நான் எழுதினேன் என்று அம்மாவுக்குச் சொல்லாதே, நீ கட்டாயப்படுத்தியதாகவே இருக்கட்டும். போன் எடுத்துச் சொல்லும்போது நான் இரண்டு நாள் மறுப்பேன், கொஞ்சம் கோபமாகவும் பேசுவேன். மனம் விட்டுவிடாதே. மூன்றாம் நாள் திரும்ப எடு. நான் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.